ஐஸ் பார் முதல் எல்என்ஜி வரை: வடசென்னையின் ‘மைனஸ் டிகிரி’ வேதியியலும் குழப்பும் அளவுகளும்

2021 மே 14. அக்னி நட்சத்திரம் கொளுத்திக்கொண்டிருந்த நேரம். கொரோனா இரண்டாம் அலையில் சென்னை மருத்துவமனைகள் மூச்சுத் திணறிக்கொண்டிருந்தன. அன்றுதான் தமிழ்நாட்டுக்கான முதல் ஆக்சிஜன் எக்ஸ்பிரஸ், மேற்கு வங்கத்தின் துர்காப்பூரிலிருந்து கிளம்பித் தண்டையார்பேட்டை சரக்குப் பெட்டக முனையத்துக்கு வந்து சேர்ந்தது. வெளியே தொட்டால் சுடும் இரும்புத் தொட்டிகள். உள்ளே இருந்த திரவ ஆக்சிஜனின் வெப்பநிலை மைனஸ் 183 டிகிரி செல்சியஸ். மொத்தம் சுமார் 80 டன்.

‘80 டன் வந்துடுச்சு’ என்ற செய்தி அன்று எல்லோருக்கும் நிம்மதி தந்தது. ஆனால் 80 டன் என்றால் எத்தனை பேருக்கு, எத்தனை நாளைக்கு? மருத்துவர் ஆக்சிஜனை ‘நிமிடத்துக்கு இத்தனை லிட்டர்’ என்று எழுதுகிறார். சிலிண்டர்காரர் ‘7 கன மீட்டர்’ என்கிறார். மருத்துவமனை வளாகத்தில் நிற்கும் பெரிய தொட்டியின் மேல் ‘கிலோ லிட்டர்’ என்று எழுதியிருக்கிறது. ரயிலோ டன் கணக்கில் கொண்டுவருகிறது. பொருள் ஒன்றுதான், அளவுதான் நாலு விதம்.

இந்த நாலையும் ஒரே நூலில் கோக்கும் அளவு ஒன்று உண்டு. அதன் பெயர் மோல். பத்தாம் வகுப்பில் படித்துவிட்டு, தேர்வு முடிந்ததும் பலரும் மறந்துவிடும் அதே மோல்தான். உலகெங்கும் வேதியியல் ஆசிரியர்களும் மாணவர்களும் ஆண்டுதோறும் அக்டோபர் 23 அன்று ‘மோல் தினம்’ கொண்டாடுகிறார்கள். ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் வசிப்பவர்களுக்கு அது வெறும் பாடப்புத்தகக் கொண்டாட்டமாக இருக்கத் தேவையில்லை. காசிமேட்டு ஐஸ் முதல் எண்ணூர் எல்என்ஜி முனையம் வரை, இந்தியாவிலேயே மிகக் குளிர்ந்த சில பொருட்கள் அவர்கள் வீட்டு வாசலைத் தாண்டித்தான் போய்வருகின்றன.

மோல் என்றால் என்ன?

வெற்றிலைக்குக் கவுளி, முட்டைக்கு டஜன், மீனுக்குக் கூறு. எண்ணிக்கையில் விற்கும் பொருளுக்கு நம்மூரில் ஒரு கட்டுக்கணக்கு எப்போதும் உண்டு. அணுக்களுக்கும் மூலக்கூறுகளுக்கும் வேதியியலாளர்கள் வைத்துக்கொண்ட கட்டுக்கணக்கே மோல். ஒரு டஜனில் 12 இருப்பதுபோல, ஒரு மோலில் 602,214,076,000,000,000,000,000 துகள்கள் இருக்கும். சுருக்கமாக, 6.022-ஐ 10-இன் 23-ஆம் அடுக்கால் பெருக்க வேண்டும். இத்தாலிய விஞ்ஞானி அவகாட்ரோவின் நினைவாக இதற்கு அவகாட்ரோ எண் என்று பெயர்.

அவகாட்ரோ இந்த எண்ணைக் கண்டுபிடிக்கவில்லை. ஒரே வெப்பநிலையிலும் ஒரே அழுத்தத்திலும் இருக்கும் சம கன அளவுள்ள வாயுக்களில், அவை எந்த வாயுவாக இருந்தாலும், மூலக்கூறுகளின் எண்ணிக்கை சமம் என்று 1811-இல் அவர் சொன்னார். எத்தனை என்று அவருக்குத் தெரியாது. நூறு ஆண்டு கழித்து, 1909-இல், பிரெஞ்சு விஞ்ஞானி ஜான் பெரன் தான் அந்த எண்ணுக்கு அவகாட்ரோவின் பெயரைச் சூட்டினார்.

எண்ணின் பிரம்மாண்டத்தை அரிசியை வைத்துப் பார்க்கலாம். ஓர் அரிசியின் எடை சுமார் 20 மில்லிகிராம். ஒரு மோல் அரிசி வேண்டுமென்றால், ஆண்டுக்குச் சுமார் 50 கோடி டன் அரிசி விளைவிக்கும் இந்த உலகம் 2 கோடி ஆண்டுகளுக்கும் மேல் விடாமல் விளைவிக்க வேண்டும். ஆனால் ஒரு மோல் தண்ணீர் என்பது வெறும் 18 கிராம். ஒரு மடக்கில் குடித்துவிடலாம். மூலக்கூறு அவ்வளவு சிறியது.

மோலின் அழகு இதில்தான் இருக்கிறது. எந்த வாயுவாக இருந்தாலும் ஒரு மோல், 25 டிகிரி வெப்பத்திலும் சாதாரணக் காற்றழுத்தத்திலும், சுமார் 24.5 லிட்டர் இடத்தைப் பிடிக்கும். எடை மட்டும் வாயுவுக்கு வாயு மாறும்: மீத்தேன் 16 கிராம், அம்மோனியா 17 கிராம், ஆக்சிஜன் 32 கிராம். இந்த நாலு எண்களை நினைவில் வைத்துக்கொண்டால் போதும். டன், லிட்டர், பிபிஎம் எதையும் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிவிடலாம்.

அந்த 80 டன் ஆக்சிஜன் எத்தனை பேருக்கு?

இப்போது தண்டையார்பேட்டை ரயிலுக்குத் திரும்பலாம். 80 டன் என்பது 8 கோடி கிராம். அதை 32-ஆல் வகுத்தால் 25 லட்சம் மோல். ஒரு மோலுக்கு 24.5 லிட்டர் வீதம், சுமார் 6.1 கோடி லிட்டர் ஆக்சிஜன் வாயு.

நிமிடத்துக்கு 10 லிட்டர் தேவைப்படும் நோயாளி ஒருவருக்கு ஒரு நாளைக்கு 14,400 லிட்டர் வேண்டும். ஆக, அந்த ரயில் கொண்டுவந்தது ஏறத்தாழ 4,250 பேருக்கு ஒரு நாள் மூச்சு. அல்லது 425 பேருக்குப் பத்து நாள் மூச்சு. அதையே 7 கன மீட்டர் கொள்ளளவுள்ள பெரிய சிலிண்டர்களில் அடைத்தால் 8,700-க்கும் மேற்பட்ட சிலிண்டர்கள் தேவைப்படும். அத்தனை சிலிண்டர்களை லாரியில் ஏற்றி இறக்குவதைக் கற்பனை செய்து பார்த்தால், ஏன் மைனஸ் 183 டிகிரிக்குக் குளிர்விக்கும் சிரமத்தை மேற்கொள்கிறார்கள் என்பது புரியும். 32 கிராம் ஆக்சிஜன் வாயுவாக இருந்தால் 24.5 லிட்டர், திரவமாக இருந்தால் 28 மில்லிலிட்டர்தான். சுமார் 870 மடங்கு சுருங்கிவிடுகிறது.

குளிர் எந்தப் புள்ளியில் தொடங்குகிறது?

சென்னைக்காரர்களுக்கு 22 டிகிரியே குளிர்தான். மார்கழி அதிகாலையில் மப்ளர் தேடும் ஊர் இது. ஆனால் வேதியியலில் வெப்பம், குளிர் என்று இரண்டு தனிப் பொருள் இல்லை. மூலக்கூறுகளின் ஆட்டம்தான் வெப்பம். ஆட்டம் குறைந்தால் அதைக் குளிர் என்கிறோம். அந்த ஆட்டத்துக்கு ஓர் அடிமட்டம் உண்டு. அது மைனஸ் 273.15 டிகிரி செல்சியஸ். அதற்குக் கீழே போகவே முடியாது. அந்த அடிமட்டத்தைப் பூஜ்ஜியமாக வைத்து எண்ணும் அளவுதான் கெல்வின்.

கெல்வினில் பார்த்தால் வடசென்னை வேறு மாதிரித் தெரியும். எண்ணூர்க் கடற்கரையில் நிற்கும் மனிதரைச் சுற்றியிருக்கும் காற்று 303 கெல்வின். காசிமேட்டில் உடைபடும் ஐஸ் 273 கெல்வின். உர ஆலைக்காகக் கப்பலில் வரும் திரவ அம்மோனியா 240 கெல்வின். எல்என்ஜி முனையத்துத் தொட்டிக்குள் இருக்கும் திரவ மீத்தேன் 111 கெல்வின். மருத்துவமனைத் தொட்டியின் ஆக்சிஜன் 90 கெல்வின்.

இந்த அளவுகளின் வரலாற்றில் 2019 ஒரு முக்கியமான ஆண்டு. அந்த ஆண்டு மே 20 முதல் மோல், கெல்வின், கிலோகிராம், ஆம்பியர் ஆகிய நான்கு அலகுகளும் புதிய வரையறைக்கு மாறின. அதுவரை ஒரு மோல் என்பது ‘12 கிராம் கார்பன்-12-இல் எத்தனை அணுக்கள் இருக்கின்றனவோ அத்தனை’ என்று எடையை நம்பி இருந்தது. இப்போது எண்ணே வரையறை: 6.02214076-ஐ 10-இன் 23-ஆம் அடுக்கால் பெருக்கினால் எவ்வளவோ, அவ்வளவு. கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை. அதற்கு இரண்டு மாதம் முன்பு, மார்ச் 6-இல், எண்ணூரில் எல்என்ஜி முனையம் திறக்கப்பட்டது தற்செயல்தான்.

0 டிகிரி: காசிமேட்டின் ஐஸ்

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் படகு கடலுக்குப் போகும்முன் டீசலும் ஐஸும் ஏறியாக வேண்டும். நாள் கணக்கில் தங்கி மீன் பிடிக்கும் விசைப்படகுகளுக்கு ஐஸ் இல்லையென்றால் வலையில் விழுந்த வஞ்சிரத்துக்கு மதிப்பே இல்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் படகுகள் ஓய்ந்தால் ஐஸ் வியாபாரமும் ஓய்ந்துவிடும்.

வெறும் 0 டிகிரிப் பொருள் ஏன் இவ்வளவு வேலை செய்கிறது? ஒரு கிலோ ஐஸ் உருகும்போது, தன் வெப்பநிலை ஒரு டிகிரிகூட ஏறாமல், 334 கிலோ ஜூல் வெப்பத்தை விழுங்கிக்கொள்ளும். அதே ஒரு கிலோ தண்ணீரை 0 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்குச் சூடாக்கத் தேவையான வெப்பம் அது. அதனால்தான் ஐஸ் தண்ணீரில் மூழ்கிய மீனைவிட, நொறுக்கிய ஐஸுக்குள் புதைத்த மீன் நீண்ட நேரம் தாங்குகிறது.

இந்த ஐஸ்தான் ஒவ்வொரு வீட்டிலும் புழங்கும் ஓர் அளவுக்குத் தாய். ஏசி வாங்கப் போனால் கடைக்காரர் கேட்கும் முதல் கேள்வி: ‘ஒரு டன்னா, ஒன்றரை டன்னா?’ அந்த டன் ஏசியின் எடை இல்லை. ஒரு அமெரிக்க டன், அதாவது 907 கிலோ ஐஸ், 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை இழுத்துக்கொள்ளுமோ, அந்த வேகம்தான் ‘ஒரு டன்’. இயந்திரக் குளிர் வருவதற்கு முன்பு குளிரை ஐஸாகவே வாங்கிய காலத்தின் மிச்சம் இது. ஒன்றரை டன் ஏசி ஒரு நாள் முழுக்க முழு வேகத்தில் ஓடினால், அறைக்குள் 1,360 கிலோ ஐஸை உருக்கியதற்குச் சமம்.

சென்னைக்கும் அந்தக் காலத்துக்கும் நேரடித் தொடர்பு உண்டு. அமெரிக்காவின் ஏரிகளில் உறைந்த பனியை அறுத்து, மரத்தூள் போர்த்தி, கப்பலில் ஏற்றி விற்றவர் ஃபிரெடரிக் டூடர். அவருடைய சரக்கைச் சேமிக்க 1840-களில் மெரினா ஓரம் எழுந்த கட்டடம்தான் ஐஸ் ஹவுஸ். இன்றைய விவேகானந்தர் இல்லம். உள்ளூரிலேயே இயந்திரத்தில் ஐஸ் செய்யத் தொடங்கியதும் அந்த வியாபாரம் கரைந்துபோனது. பெயர் மட்டும் பேருந்து நிறுத்தத்தில் நிற்கிறது.

மைனஸ் 33: அம்மோனியா

ஐஸ் ஃபேக்டரிகளில் தண்ணீரை உறைய வைக்கும் குளிர் பெரும்பாலும் அம்மோனியாவிலிருந்து வருகிறது. அந்த மூக்கைத் துளைக்கும் நெடி ஐஸ் தொழிலாளிகளுக்குப் பழக்கமானது. அதே அம்மோனியாதான் உரத் தயாரிப்பின் மூலப்பொருளும். சாதாரண வெப்பத்தில் அது வாயு. திரவமாக வைத்திருக்க இரண்டு வழி: காற்றழுத்தத்தைப்போல் சுமார் 12 மடங்கு அழுத்தம் கொடுக்க வேண்டும், அல்லது மைனஸ் 33 டிகிரிக்குக் குளிர்விக்க வேண்டும். பெரிய அளவில் கொண்டுவரும்போது இரண்டாவது வழியே வசதி. எண்ணூரில் கோரமண்டல் இன்டர்நேஷனல் உர ஆலைக்குக் கடலில் நிற்கும் கப்பலிலிருந்து கடலடிக் குழாய் வழியாக அம்மோனியா வந்தது இப்படித்தான்.

2023 டிசம்பர் 26 நள்ளிரவை நெருங்கும் நேரம். அந்தக் குழாயில் கசிவு ஏற்பட்டது. மிக்ஜாம் புயலும், வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் படர்ந்த எண்ணெயும் தந்த காயம் ஆறாத மாதம் அது. பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் கண்ணெரிச்சலோடும் மூச்சுத் திணறலோடும் எழுந்தார்கள். குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு, கிடைத்த வண்டியில் ஏறியும் நடந்தும் வெளியேறினார்கள். பலர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். ஆலையை மூடக் கோரி அடுத்து வந்த வாரங்களில் மீனவக் கிராமங்கள் போராடின.

கசிவு நேர்ந்த நேரத்தில் குழாயில் நடந்துகொண்டிருந்த வேலைக்கு ‘முன்குளிர்வித்தல்’ என்று பெயர். கடலடியில் 28, 29 டிகிரியில் கிடக்கும் குழாய்க்குள் மைனஸ் 33 டிகிரித் திரவத்தைத் திடீரென்று விட முடியாது. விட்டால் சூடான தோசைக்கல்லில் தெளித்த தண்ணீர்போல் அது கொதித்து வாயுவாகும்; அழுத்தம் எகிறும். குழாயும் சுருங்கும். 60 டிகிரி குளிர்ந்தால் ஒரு கிலோ மீட்டர் எஃகுக் குழாய் சுமார் 70 சென்டி மீட்டர் குட்டையாகப் பார்க்கும். அதனால் முதலில் கொஞ்சம் கொஞ்சமாகக் குளிர வைத்து, பிறகே முழு ஓட்டத்தைத் திறப்பார்கள். அதிகக் குளிர்ப் பொருட்களைக் கையாளும் எந்த இடத்திலும் கவனம் அதிகம் தேவைப்படும் கட்டம் இது.

ஒரே எண், இரண்டு தீர்ப்பு

அந்த இரவுக்குப் பிறகு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இரண்டு அளவுகளை வெளியிட்டது. ஆலை வாசல் அருகே காற்றில் அம்மோனியா ஒரு கன மீட்டருக்கு 2,090 மைக்ரோகிராம். தர வரம்பு 400. கடல் நீரில் லிட்டருக்கு 49 மில்லிகிராம். கடலில் கலக்கும் கழிவுக்கான வரம்பு 5.

காற்றில் ஐந்து மடங்கு, நீரில் பத்து மடங்கு. செய்திகளில் வந்தது இவ்வளவுதான். ஆனால் தொழிற்சாலைகளில் அம்மோனியாவை மைக்ரோகிராமில் பேச மாட்டார்கள், பிபிஎம்மில் பேசுவார்கள். காற்றில் பிபிஎம் என்றால், பத்து லட்சம் மூலக்கூறுகளை எண்ணினால் அதில் எத்தனை அம்மோனியா என்பது. அது எடைக் கணக்கு இல்லை, தலைக் கணக்கு. எடையைத் தலைக் கணக்காக மாற்ற மோல்தான் வழி.

2,090 மைக்ரோகிராமை 17-ஆல் வகுத்தால் சுமார் 123 மைக்ரோமோல். மோலுக்கு 24.5 லிட்டர் வீதம், சுமார் 3 மில்லிலிட்டர் அம்மோனியா வாயு. ஒரு கன மீட்டர் காற்றில், அதாவது பத்து லட்சம் மில்லிலிட்டரில், 3 மில்லிலிட்டர். ஆக 3 பிபிஎம். அதே கணக்கில் 400 மைக்ரோகிராம் என்பது 0.6 பிபிஎம்முக்குச் சற்றுக் குறைவு.

இப்போது சிக்கல் தெரிகிறது. அப்போது நடைமுறையில் இருந்த இந்தியத் தொழிற்சாலைகள் சட்டத்தின் அட்டவணைப்படி, எட்டு மணி நேர வேலை நேரத்தில் ஒரு தொழிலாளி சராசரியாகச் சுவாசிக்கக்கூடிய அம்மோனியா வரம்பு 25 பிபிஎம். அதை எடுத்துக்கொண்டு ஒருவர் ‘3 பிபிஎம்தானே, வரம்பில் எட்டில் ஒரு பங்குகூட இல்லையே’ என்று சொல்ல முடியும். இன்னொருவர் அதே அளவைக் காட்டி ‘ஐந்து மடங்கு அதிகம்’ என்று சொல்ல முடியும். இருவர் கையிலும் இருப்பது ஒரே எண்தான். ஒப்பிடும் தராசுதான் வேறு.

25 பிபிஎம் வரம்பு, வேலைக்குப் போகும் நிலையில் உள்ள, வேலை முடிந்ததும் வெளியேறிவிடும் பெரியவர்களுக்கானது. 400 மைக்ரோகிராம் வரம்பு, கைக்குழந்தையும் ஆஸ்துமா நோயாளியும் பாட்டியும் சேர்ந்து வாழும் ஊர்க்காற்றுக்கானது. அது 24 மணி நேர சராசரியும்கூட. குப்பத்து வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பவர் எந்த ஷிப்டிலும் இல்லை. அவருக்குப் பொருந்தும் தராசு எது என்பதில் குழப்பத்துக்கு இடமில்லை.

இன்னொரு விஷயமும் உண்டு. ஓர் இடத்தில், ஒரு நேரத்தில் எடுத்த அளவு, ஊர் முழுக்க எல்லா நேரமும் அப்படித்தான் இருந்தது என்று சொல்லாது. பொதுவாக 3 பிபிஎம்மில் ஆட்கள் மயங்கி விழுவதில்லை. மக்களுக்குக் கண் எரிந்து மூச்சு அடைத்தது என்றால், அவர்கள் நின்ற இடத்தில், அவர்கள் ஓடிய நேரத்தில் காற்று அந்த எண்ணைவிட மோசமாக இருந்திருக்க வேண்டும் என்றே வேதியியல் சொல்லும். கருவி வந்து சேரும்முன் வீசிய காற்றை எந்த எண்ணும் திருப்பிக் கொண்டுவராது. வீதிகளில் தொடர்ந்து அளக்கும் கருவி வேண்டும் என்ற கோரிக்கையின் நியாயம் இங்கேதான் இருக்கிறது.

நீரில் பிபிஎம் வேறு அர்த்தம் கொள்ளும் என்பதையும் கவனிக்க வேண்டும். லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் என்பதைத்தான் தண்ணீரில் ஒரு பிபிஎம் என்பார்கள். அது எடைக் கணக்கு. ஆக அந்த இரவில் கடலில் 49 பிபிஎம், காற்றில் 3 பிபிஎம். இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் தவறு. பெயர் ஒன்று, கணக்கு வேறு. அம்மோனியா தண்ணீரில் வெகு சுலபமாகக் கரையும். கரைந்த அம்மோனியா மீனின் செவுளுக்கு நஞ்சு. கடலடியில் கசிந்ததன் ஒரு பகுதி நீரிலேயே தங்கியதால்தான் அந்த எண் அவ்வளவு பெரிதாக இருந்தது.

மைனஸ் 162: எல்என்ஜி

எண்ணூர் காமராஜர் துறைமுகத்தில் இந்தியன் ஆயில் குழுமத்தின் எல்என்ஜி முனையம் இருக்கிறது. நாட்டின் கிழக்குக் கடற்கரையில் அமைந்த முதல் எல்என்ஜி முனையம் இதுவே. ஆண்டுத் திறன் 50 லட்சம் டன். தலா 1,80,000 கன மீட்டர் கொள்ளளவுள்ள இரண்டு பெரிய தொட்டிகள். இங்கிருந்து வாயு மணலி ஆலைகளுக்கும், மாநிலத்தின் தென்கோடி நோக்கிச் செல்லும் குழாய்த் தடத்துக்கும் போகிறது.

வீட்டு சிலிண்டரில் இருக்கும் எல்பிஜியும் திரவம்தானே, அதற்கு ஏன் குளிர் வேண்டாம் என்று கேட்கலாம். புரோப்பேனும் பியூட்டேனும் அறை வெப்பத்திலேயே அழுத்தினால் திரவமாகிவிடும். மீத்தேன் அப்படிப் பணியாது. மைனஸ் 82 டிகிரிக்கு மேல் இருக்கும்வரை எவ்வளவு அழுத்தினாலும் அது திரவமாகாது. முதலில் குளிர வைத்தே தீர வேண்டும். சாதாரணக் காற்றழுத்தத்தில் திரவமாக வைத்திருக்க மைனஸ் 162 வரை இறங்க வேண்டும்.

எல்என்ஜி பற்றிய எல்லாக் கட்டுரைகளிலும் ‘600 மடங்கு சுருங்கும்’ என்று எழுதியிருக்கும். அதை நம்ப வேண்டியதில்லை. மோலை வைத்து வீட்டிலேயே கணக்குப் போடலாம். ஒரு மோல் மீத்தேன் 16 கிராம். திரவமாக இருந்தால் சுமார் 38 மில்லிலிட்டர். வாயுவானால் 0 டிகிரியில் 22.4 லிட்டர், 25 டிகிரியில் 24.5 லிட்டர். வகுத்துப் பார்த்தால் 590 முதல் 645 மடங்கு. ‘சுமார் 600’ என்பது சரிதான். எண்ணூரின் ஒரு தொட்டி நிறைந்திருந்தால் உள்ளே 10 கோடி கன மீட்டருக்கும் அதிகமான வாயு அடங்கியிருக்கிறது என்று பொருள்.

இந்தக் குளிரில் சாதாரண எஃகு நம்பத்தகாததாகிவிடும். அடித்தால் நெளிய வேண்டிய இரும்பு, கண்ணாடி டம்ளர்போல் விரிசல் விடும். அதனால் உலகெங்கும் இத்தகைய தொட்டிகளின் உட்சுவருக்கு 9 சதவீதம் நிக்கல் கலந்த எஃகைப் பயன்படுத்துகிறார்கள். சுற்றிலும் வெப்பம் புகாத அடுக்கு, வெளியே கான்கிரீட் சுவர். அப்படியும் கொஞ்சம் வெப்பம் உள்ளே நுழையும். அதைத் தடுக்க உள்ளே ஃப்ரிட்ஜ் எதுவும் ஓடுவதில்லை. நுழைந்த வெப்பத்தை எடுத்துக்கொண்டு கொஞ்சம் திரவம் கொதித்து ஆவியாகும். மிச்சம் குளிராகவே இருக்கும். மண்பானைத் தண்ணீர் சில்லென்று இருப்பதும் ஆவியாதலால்தான். வெளியேறும் ஆவியைப் பிடித்துக் குழாயில் அனுப்பிவிடுவார்கள்.

அளவுக் குழப்பம் இங்கேயும் உண்டு. முனையத்தின் திறனை ஆண்டுக்கு இத்தனை டன் என்பார்கள். குழாயில் போவதை ஒரு நாளைக்கு இத்தனை பத்து லட்சம் கன மீட்டர் என்பார்கள். விலையையோ பத்து லட்சம் பிரிட்டிஷ் வெப்ப அலகுக்கு இத்தனை டாலர் என்பார்கள். ஒரு டன் எல்என்ஜி ஏறத்தாழ 1,350 கன மீட்டர் வாயுவாக விரியும் என்பதை வைத்தால், ஆண்டுக்கு 50 லட்சம் டன் என்பது நாளொன்றுக்குச் சுமார் 1.8 கோடி கன மீட்டர். விலையை மட்டும் எடையிலோ கன அளவிலோ சொல்லாததற்குக் காரணம் எளிது. வாங்குபவருக்கு வேண்டியது வாயு இல்லை, அது எரிந்து தரும் வெப்பம்.

மூக்கும் காற்றும் சொல்வது

இந்தப் பொருட்கள் வெளியே வந்தால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதம். மீத்தேனுக்கு மணமே கிடையாது. வீட்டு எரிவாயுவில் வரும் நாற்றம் எச்சரிக்கைக்காகச் சேர்க்கப்படுவது. எல்என்ஜி கசிந்தால் வெள்ளை மேகம் தெரியும். அது மீத்தேன் இல்லை, குளிரில் உறையும் காற்றின் ஈரம். அம்மோனியாவை மூக்கே காட்டிக்கொடுக்கும். அதன் மோல் எடை 17, காற்றின் சராசரி 29. ஆக அது காற்றைவிட லேசானது, மேலே போய்விடும் என்று பாடப்புத்தகம் சொல்லும். ஆனால் மைனஸ் 33 டிகிரியில் துளித்துளியாகச் சிதறி வரும் அம்மோனியா மேகம் கனமாகி, தரையோடு தவழ்ந்து வீடுகளுக்குள் நுழையக்கூடும்.

அம்மோனியா நெடி அடித்தால் காற்று வீசும் திசையிலேயே ஓடக் கூடாது; காற்றுக்குக் குறுக்காக விலக வேண்டும். ஈரத் துணியால் மூக்கையும் வாயையும் மூடுவது ஓரளவு உதவும். அம்மோனியா தண்ணீரில் கரைவதுதான் காரணம். கண்ணில் எரிச்சல் இருந்தால் நல்ல தண்ணீரால் நீண்ட நேரம் கழுவ வேண்டும். பிறகு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அடுத்த முறை ஒரு எண் செய்தியில் வரும்போது, எண்ணூர்க்காரர் நாலு கேள்வி கேட்கலாம். இது எடைக் கணக்கா, தலைக் கணக்கா? எங்கே நின்று அளந்தார்கள்? எத்தனை மணிக்கு? ஒப்பிடும் வரம்பு தொழிலாளிக்கானதா, ஊருக்கானதா? இதற்குப் பட்டம் தேவையில்லை. 16, 17, 32, 24.5 என்ற நாலு எண் போதும்.

மோல் தினத்துக்கு அக்டோபர் 23-ஐத் தேர்ந்ததற்குக் காரணம், அமெரிக்கர்கள் தேதியை 10/23 என்று எழுதுவதுதான். காலை 6.02 மணி முதல் மாலை 6.02 மணி வரை அவர்கள் கொண்டாடுகிறார்கள். நம்மூர் முறைப்படி நாளை முதலிலும் மாதத்தைப் பிறகும் எழுதினால், 6.02 என்பது பிப்ரவரி 6. நேரம் காலை 10.23. பள்ளிக்கூடம் திறந்திருக்கும் நேரம். ராயபுரத்திலோ திருவொற்றியூரிலோ ஒரு வேதியியல் ஆசிரியர், அந்த நேரத்தில் கரும்பலகையில் 2,090 மைக்ரோகிராம் என்று எழுதி, பிள்ளைகளிடம் ‘இது எத்தனை பிபிஎம்?’ என்று கேட்டால், அந்த வகுப்பில் கணக்கின் பதிலைவிட அந்த இரவை நன்றாகத் தெரிந்தவர்கள் இருப்பார்கள்.